மேசாவுக்கு ஆறாயிரத்துப் பதினைந்து டாலர்

ஹேகன் ஏரி, மின்னசோட்டா
ஜனவரி 7, செவ்வாய்

அன்புள்ள மார்லிஸுக்கு,

லைல் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் உன் முழங்கால்களும் நலமா? இன்று காலை இங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தாறு. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும், ஆகவே குளிரைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நீ வாடகைக்கு இருக்கும் வீட்டை அந்த வீட்டுக்கார அம்மாள் விற்கப்போகிறாள், இருபத்தொன்றாம் தேதிக்குள் ஆறாயிரம் டாலர் முன்பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள் என்று எழுதியிருந்தாய். கேட்கவே கூடாது என்றுதான் இருந்தேன் என்று வேறு ஒரு வரி. அந்த வரியை நீ எழுதாமலே இருந்திருக்கலாம். முப்பத்தொரு வருஷம் உன் கையால் சாப்பிட்டவன் நான். பணம் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதே.

பணம் கிடைத்தது பெரிய காரியம் இல்லை. அதை உன்னிடம் சேர்ப்பதற்குள் மனிதனுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது!

நேற்று நம் கூட்டுறவு வங்கிக்குப் போனேன். ஜன்னலில் பிரிட்டா இருந்தாள். ஞாயிறு பள்ளியில் நீ பாட்டுச் சொல்லிக்கொடுத்தாயே, அந்தப் பெண்தான். தெற்கே மேசாவில் இருக்கும் மார்லிஸின் கணக்குக்கு ஆறாயிரம் அனுப்பு என்றேன். "வயர்ல, வங்கிக்கு வங்கி நேரா அனுப்பினா இன்னிக்கே போயிடும் லைல், முப்பது டாலர் ஆகும்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். "அந்தப் பக்கம் வாங்கிக்கறதுக்கு அவங்க ஒரு பதினஞ்சு எடுப்பாங்க" என்றாள். அனுப்புவதற்குக் கூலி கேட்டால்கூட ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. வாங்கிக்கொள்வதற்கு என்ன கூலி? நீ கை நீட்டியதற்கு உன்னிடமே பதினைந்து டாலரா? ஆறாயிரம் போட்டால் உனக்கு ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்துதான் வரும். அந்த அம்மாள் ஒரு டாலர் குறைந்தாலும் வாங்க மாட்டாள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

எல்லோரும் போனிலேயே அனுப்புகிறார்களே, அது என்ன ஆயிற்று என்றேன். "அது ஒரு நாளைக்கு ஐநூறுதான், மாசத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல விடாது" என்றாள். என் பணம், என் மனைவி, ஒரே நாடு, ஒரே டாலர். இதில் இவர்கள் யார் என்னை விடுவதற்கும் விடாமல் இருப்பதற்கும்? சரி, பத்து டாலர் கொடுத்து வங்கிக் காசோலை வாங்கித் தபாலில் போடலாம் என்றால், உன் வங்கி அதை ஒரு வாரம் நிறுத்திவைத்து முகர்ந்து பார்க்குமாம். அதோடு, உன் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய காசோலையை நீ திருப்பி அனுப்பியதும் எனக்கு மறக்கவில்லை. அதை இப்போது பேச வேண்டாம்.

கத்தியதில் எனக்கு இருமல் வந்துவிட்டது. பிரிட்டா தண்ணீர் கொடுத்தாள். அதன் பிறகுதான், காசே வாங்காத ஒரு வழியும் இருக்கிறது என்றாள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? உன் கணக்கையும் என் கணக்கையும் இணைத்துவிட்டால் மூன்று வேலை நாளில் இலவசமாகப் போய்விடுமாம். நான்கு வருஷத்துக்கு முன், குளிர்காலத்தை அங்கே கழிப்போம் என்று பேசி இரண்டு பேர் பெயரிலும் திறந்த கணக்குதான் உன் மேசா கணக்கு. பிறகு நான் ஏரியையும் அது உறைந்ததும் ஐஸ் மேல் நிற்கும் என் மீன்பிடிக் குடிசையையும் விட்டு வர மாட்டேன் என்றதும், நீ மட்டும் கிளம்பியதும் உனக்கே தெரியும்.

இணைப்பதற்கு முன் நம் வங்கி உன் கணக்கில் இரண்டு சில்லறைத் தொகைகளைப் போடும். ஒரு டாலருக்கும் குறைவாக, சில சென்ட்கள். எத்தனை எத்தனை சென்ட் வந்தது என்று பார்த்து நீ சொல்ல வேண்டும். உன்னால் மட்டும்தான் பார்க்க முடியும். சொன்னால் கதவு திறக்கும். அந்தச் சில்லறையையும் நாலு நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். நாற்பது சென்ட்டை விட்டுக்கொடுக்க மனமில்லாத கூட்டம்!

நேற்றே போட்டுவிட்டார்கள். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அந்த இரண்டு எண்களை எழுதி அனுப்பு. போன் வேண்டாம், கடிதம் போதும் என்று நீ சொன்னதால் நான் கூப்பிடவில்லை. நீ கூப்பிட்டால் எடுப்பேன். பத்திரமாக இரு.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
லைல்


ஹேகன் ஏரி
ஜனவரி 17, வெள்ளி

அன்புள்ள மார்லிஸுக்கு,

முதலில் செய்தி. ஆறாயிரம் டாலர் இன்று மதியமே கிளம்பிவிட்டது. இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்திருக்கும். சரியாக ஆறாயிரம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த அம்மாளிடம் கட்டி, ரசீது வாங்கிக்கொள். ரசீது வாங்காமல் நகராதே.

மூன்று நாளாகப் பனிப்புயல். தபால் வண்டி வரவில்லை. நீ பதில் எழுதினாயா இல்லையா என்று தெரியாது. எழுதினாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இன்று சாலையைத் திறந்ததும் வங்கிக்கு ஓடினேன். திங்கட்கிழமை வங்கிகளுக்கு விடுமுறையாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை! "இன்னிக்கு நம்பர் வந்தாலும் இலவச வழி இனிமே ஆகாது லைல். ரெண்டு மணிக்கு வயரையும் மூடிடுவோம். அப்புறம் செவ்வாய்க்கிழமைக்குப் போய்ச் சேரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள் பிரிட்டா. மணி அப்போது ஒன்று ஐம்பது.

வயரே அனுப்பு என்றேன். அவர்கள் பிடிக்கும் பதினைந்தையும் சேர்த்து ஆறாயிரத்துப் பதினைந்து. அதற்கு மேல் இங்கே முப்பது. அந்த முப்பது டாலரை நோட்டு நோட்டாக எண்ணிக் கொடுத்தேன். பகல் கொள்ளை. ரசீதின் பின்னாலேயே அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிரிட்டா சும்மா இருந்திருக்கலாம். "இதோட அஞ்சாவது தடவை வந்துட்டீங்க. போக வர நாப்பது மைல். முப்பது டாலரை மிச்சம் பிடிக்க எத்தனை டாலருக்கு பெட்ரோல் போட்டீங்க?" என்று கேட்டாள். அதோடு விட்டாளா? "உங்க பேரும் அந்தக் கணக்குல இருக்கே. மேசாவுக்கு ஒரு போன் போட்டா அந்த ரெண்டு நம்பரை உங்களுக்கே சொல்லியிருப்பாங்க. நான்தான் முதல் நாளே சொன்னேனே" என்றாள், வரிசையில் நாலு பேர் நிற்கும்போது.

சொன்னாள். முதல் நாளே சொன்னாள். உன்னால் மட்டும்தான் பார்க்க முடியும் என்று நான் உனக்கு எழுதியது பொய். இத்தனை நாள் வங்கியைத் திட்டினேன், இன்று என்னைத் திட்டிக்கொள்கிறேன். உன் வீடு கைநழுவிப் போகிற அளவுக்கு இழுத்துவிட்டேன், மார்லிஸ். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் போயிருக்கும். என்னை மன்னித்துவிடு.

பணம் எங்கிருந்து என்று நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மீன்பிடிக் குடிசையைப் பக்கத்து வீட்டுக் கார்டிக்கு விற்றுவிட்டேன், அடுப்பு, ஐஸ் துளைக்கும் கருவி எல்லாம் சேர்த்து. அவன் இப்போது அதில் உட்கார்ந்து ஒரு மீனும் பிடிக்காமல் பீர் குடிக்கிறான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏரியில் எனக்கு இனி வேலை ஒன்றும் இல்லை. நீ வாங்கும் வீட்டில் எத்தனை அறை என்று நீ எழுதவே இல்லை.

உன் முழங்கால் வலி தீரட்டும். அந்த வீடு உனக்கு நல்லபடி அமையட்டும். அந்த இரண்டு சில்லறைத் தொகைகளால் இனி யாருக்கும் பயன் இல்லை. வங்கி அவற்றைத் திரும்ப எடுத்தும் இருக்கும். இருந்தாலும், எத்தனை சென்ட் வந்தது என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
தபால் பெட்டியைத் தினமும் பார்க்கும்
லைல்