கடவில் கரைந்த உண்ணி மருந்து

அக்கா,

நேற்று சாலைக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை வாசலில் உண்ணி மருந்துக் குப்பி விழுந்து உடைந்தது. மண்ணெண்ணெயும் பழைய பெயின்டும் கலந்தாற்போன்ற அதே வாசனை. கடைக்காரர் தண்ணீர் விட்டுக் கழுவப் போனார். "சாக்கடையில விடாதீங்க, மணலைப் போடுங்க!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. நான் கத்தி நீங்கள் கேட்டதே இல்லை.

நம் காயலோரக் காலனியில் உண்ணிக் காய்ச்சலில் நாய்கள் செத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைக் குளியலைத் தொடங்கியது நீங்கள்தான். வீடு வீடாகப் போய் நாய்களை இழுத்து வந்து, கடவில், காயலுக்கு இறங்கும் படித்துறையில், நிறுத்தி மருந்து தேய்த்து, அப்படியே காயலில் இறக்கி அலசுவீர்கள். "கடலு மாதிரி காயலு கெடக்கு, பக்கெட்டு எதுக்குட்டி? ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம். கெமிஸ்ட்ரிய காலேஜோட வச்சுக்கோ, கேட்டியா" என்பீர்கள். நாகர்கோவிலை விட்டு இந்த மலையாள ஊருக்கு வந்து எத்தனை வருடம் ஆகியும் அந்தப் பேச்சு உங்களை விடவில்லை. உங்கள் நாய் பாப்பு உடம்பை உதறி என் புடவையை நனைப்பான். நீங்கள் கைதட்டிச் சிரிப்பீர்கள்.

கடவை ஒட்டி சசியண்ணன் வலைக்கூடு கட்டிக் கரிமீன் வளர்த்தார். ஒரு ஞாயிறு பக்கத்துத் தெரு நாய்களையும் சேர்த்துக் குளிப்பாட்டினீர்கள். மறுநாள் காலை கூட்டில் இருந்த மீன் எல்லாம் வெள்ளை வயிறு காட்டி மிதந்தது. "பட்டி எறங்ஙிய வெள்ளம்!" என்று அலறிக்கொண்டு துடுப்போடு படியேறி வந்தார் அவர். நாய் இறங்கித்தான் தண்ணீர் கெட்டதாம். எதிரில் வாலாட்டி நின்றவன் பாப்பு. அவன் இடுப்பில் பச்சை மட்டை முறிவதுபோல ஒரு சத்தம். அடுத்த அடிக்கு ஓங்குமுன் நீங்கள் பாய்ந்து துடுப்பைப் பிடுங்கி அவர் முகத்தில் குத்தினீர்கள். பல் படியில் தெறித்தது. காலனிக்காரர்கள் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அதில் வங்கி மேனேஜரும் உண்டு, பஜனை நடத்துகிறவரும் உண்டு.

மிருக ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர், "பின்னங்கால் இனி வராது, ஊசி போட்டுவிடலாம்" என்றார். "ஒன் இடுப்பு ஒடிஞ்சா ஒனக்கும் போட்டுரலாமாடே?" என்று கேட்டீர்கள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "அவனே கண்ட தீனியும் போட்டு மீனைக் கொன்னுட்டு எம்பிள்ளைய அடிச்சிட்டான்" என்று அழுதீர்கள். நான் உங்கள் பையிலிருந்த குப்பியை எடுத்து, லேபிளில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினேன். மீனுக்குக் கொடிய விஷம், நீர்நிலையில் கலக்கக் கூடாது என்று இருந்தது. ஓங்கி என் கன்னத்தில் அறைந்தீர்கள். அப்புறம் குப்பியை வாங்கி நீங்களே படித்தீர்கள்.

அன்று மாலையே சசியண்ணன் வீட்டுக்குப் போனோம். மீனைக் கொன்றது நான்தான் என்று மலையாளத்தில் சொன்னீர்கள். அவர் வீங்கிய வாயைத் துண்டால் அழுத்திக்கொண்டு உள்ளே போனார். அவர் மனைவி நாறிய மீன் கூடையை உங்கள் தலையில் கவிழ்த்தாள். துடைத்துக்கொள்ளாமல் காலனி நடுவே நடந்து வந்தீர்கள்.

அடுத்த ஞாயிறு கடவை மறித்து நின்றீர்கள். "வீட்டுல குளிப்பாட்டுங்க. அந்தத் தண்ணி ஒரு சொட்டு காயலுக்கு வரக் கூடாது." நீங்கள் சொல்வது சரியென்றால், தங்கள் நாய்களின் மருந்தால் மீனை இழந்தவரின் விலாவில் மிதித்ததாக அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மேனேஜர் தள்ளினார். படிக்கல்லில் உங்கள் நெற்றி பிளந்தது. கண்ணில் ரத்தம் வழிய எழுந்து அதே படியில் நின்று, "என்னை மிதிச்சிட்டுப் போ. நாய் எறங்காது" என்றீர்கள். அவருடைய லாப்ரடார் உங்கள் காலை நக்கியது. அவர் சங்கிலியை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

அன்பு என்று யார் சொன்னாலும் எனக்கு இப்போதும் சந்தேகம்தான். உங்கள் அன்புதானே அத்தனை மீனையும் கொன்றது.

இந்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து பாப்பு என்னிடம் இருக்கிறான். காலையில் அவனைத் தூக்கித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். இடுப்பில் கை பட்டதும் கடிக்கிறான். விளையாட்டுக் கடி அல்ல. நாய்க்கடிக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ் என் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டீச்சரே, ஈ பட்டியெ களஞ்ஞூடே?" என்கிறாள். நாயை எங்காவது தொலைத்துவிடக் கூடாதா என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். நான் புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். மறுநாள் காலை மறுபடி தூக்குகிறேன்.