இரண்டு மைலுக்குள்

டூசான்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள க்ளெண்டாவுக்கு,

வெர்னா எழுதுவது. நல்லபடியாக மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முட்டியை அறுத்துத் தைத்துக்கொண்டவள் என் மகள் ரெனே. ஆனால் விமானத்தில் மடங்கி உட்கார்ந்து வந்ததில் நொண்டுவது நான். இங்கே வெயில் எப்படி என்றால், தபால் பெட்டியைத் திறக்கக் கையுறை வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஆமை வளர்க்கிறார். நாயைக் கூப்பிடுகிற மாதிரி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதுவும் வருகிறது, அரை மணி நேரம் கழித்து. அந்த ஆமைக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். ஃபோனில் சொல்லக் கூடாதா என்பாய். ஃபோனில் எனக்குப் பாதிதான் கேட்கிறது, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன். காகிதம்தான் எனக்கு ஒத்துவருகிறது.

சொல்ல வந்தது வேறு. தேர்தல் அலுவலகத்தில் உன் மனுவை வாங்கிக்கொண்டார்களா? பள்ளி வாரியத்துக்கு நிற்க நூற்றைம்பது கையெழுத்து வேண்டும் என்றதும் மலைத்துப்போனாயே, நூற்று அறுபத்து மூன்று வாங்கிவிட்டோம். வாரியத்தின் ஐந்து நாற்காலியில் இரண்டு பேர் நம் பக்கம். மூன்றாவதாக நீ போய் உட்கார்ந்தால் ஜனவரியிலேயே மறுபடி பஸ் ஓடும். பள்ளிக்கு இரண்டு மைலுக்குள் வீடு என்றால் பஸ் கிடையாதாம்! சொன்னவர்களில் ஒருத்தராவது அந்த நாலுவழிச் சாலையை நடந்து கடந்திருப்பாரா? நடைபாதை உண்டா, விளக்கு உண்டா? இருபத்தாறு வருஷம் அங்கே பள்ளி பஸ் ஓட்டியவள் நான். ஆறு வயசுக் குழந்தை கடக்கிற சாலையா அது?

தீயணைப்பு நிலைய மீன் விருந்தில் நடந்ததை உன்னிடம் சொன்னேனா? பொரிக்க வேண்டிய ஆள் வரவில்லை. கையெழுத்துத் தாளைக் கோஸ் சாலட் பக்கத்தில் வைத்து, பேனாவை நூலில் கட்டிவிட்டு, நான் எண்ணெய்ச் சட்டிக்குப் போய்விட்டேன். முந்நூறு துண்டு பொரித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், இருபத்திரண்டு பெயர்! ஆள் இல்லாமல் தானாகவே நிறைந்திருக்கிறது. ஒரு மூலையில் மயோனைஸ் வேறு. துடைத்துவிட்டு, அடியில் என் பெயரைப் போட்டு, கட்டோடு உன்னிடம் கொடுத்துவிட்டேன். நல்ல ஜனங்கள்டி நம் ஊர் ஜனங்கள்.

என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று. தக்காளிக்கு வேரில், இலையில் அல்ல.

உன்,
வெர்னா


பிரைஸ்வில்,
ஆகஸ்ட் 19

வெர்னா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தாளின் அடியில் அச்சடித்திருந்ததைப் படித்தாயா? 'இவர்கள் ஒவ்வொருவரும் என் கண் முன்னால் கையெழுத்திட்டார்கள்' என்று இருக்கிறது. அதற்குக் கீழேதான் உன் பெயரைப் போட்டிருக்கிறாய்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரான ஐக் டாபின்ஸ், முடிவெட்டும் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி அளந்திருக்கிறார். "ஒரு கையில மீனு, ஒரு கையில பேனா. கேக்கறதுக்கு ஒரு ஆளு இல்ல, நானா தேடிப் போயிப் போட்டேன்யா க்ளெண்டாவுக்கு!" பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு, நான் எதிர்த்து நிற்கிற வாரியத் தலைவர் கீட்டிங். "ஏன் ஐக், வெர்னா அங்க இல்லையா?" என்று பூனை மாதிரி கேட்டிருக்கிறார். "வெர்னாவா? அவ அடுப்படியில இல்ல நின்னா!" ஐக் ஏதோ எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். மறுநாள் காலை கீட்டிங் தேர்தல் அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாள் போனால் இருபத்திரண்டும் போகும். மிச்சம் நூற்று நாற்பத்தொன்று. ஒன்பது குறைகிறது.

விசாரணை இருபத்தெட்டாம் தேதி. நீ வர வேண்டாம். ஒரு வாக்குமூலம் எழுதி, அங்கேயே நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்பு. சட்டிக்கும் மேசைக்கும் முப்பதடி, நடுவில் சுவர் கிடையாது. 'பொரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்' என்று ஒரே ஒரு வரி போதும். ஐக்குக்கு எழுபத்தொன்பது வயசு. நேற்று என்ன சாப்பிட்டார் என்றே நினைவிருக்காது என்று சொல்லிக்கொள்ளலாம். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நேற்றுப் பள்ளி திறந்தது. நான் ஒரு சிவப்புத் துணியைக் கம்பில் கட்டிக்கொண்டு சாலையில் போய் நின்றேன். ஒரு சின்னப் பெண்ணுக்கு ஷூ கழன்றுவிட்டது. நடுச்சாலையில் உட்கார்ந்து நிதானமாக மாட்டுகிறது, வெர்னா. லாரிக்காரன் ஹாரனை அமுக்கியபடி வருகிறான். துணியை ஆட்டிக்கொண்டே குறுக்கே ஓடி அதைத் தூக்கி வந்தேன்.

இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். தொண்ணூற்றெட்டில் உனக்காக நான் 'பார்த்தேன்' என்று சொன்னேன். நீ கேட்கக்கூட இல்லை. நானாகவே போய்ச் சொன்னேன்.

க்ளெண்டா


டூசான்,
ஆகஸ்ட் 23

அன்புள்ள க்ளெண்டாவுக்கு,

நீ சொன்னபடியே எழுதி எடுத்துக்கொண்டு நோட்டரியிடம் போனேன். சின்னப் பெண், வாயில் சூயிங் கம். "படிச்சுப் பாத்துட்டீங்களாம்மா?" என்றாள். "வாழ்க்கையிலயே இப்பத்தான்மா மொதல் தடவையா படிச்சுட்டுக் கையெழுத்துப் போட வந்திருக்கேன்" என்றேன். சிரித்தாள். "இதெல்லாம் சத்தியம்னு கையத் தூக்குங்க" என்றாள். கையை மார்பு வரைக்கும் தூக்கினேன். அதற்குமேல் போகவில்லை.

தொண்ணூற்றெட்டை நான் எப்படி மறப்பேன்? பஸ்ஸைப் பூட்டுமுன் கடைசி இருக்கை வரை நடந்து, ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்க்க வேண்டும். ஏதாவது குழந்தை தூங்கிப்போயிருக்கும். அன்றைக்கு எனக்குப் பல்வலி. நடக்காமலே, நடந்ததாக ஏட்டில் எழுதிவிட்டேன். பாலர் வகுப்புக் குழந்தை ஒன்று பிப்ரவரிக் குளிரில் இரண்டு மணி நேரம் உள்ளே கிடந்தது. நீ பள்ளிச் சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து, "வெர்னா பின்னால வரைக்கும் நடந்ததை நா ஜன்னல் வழியா பாத்தேனே" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னாய். அதனால் என் வேலை பிழைத்தது. உண்மை.

அதற்கு அடுத்த நாள் நடந்ததை உனக்கு இதுவரை சொன்னதில்லை. நான் கடைசி இருக்கை வரை பார்த்துவிட்டேன் என்றால், குழந்தை இருக்கைக்கு அடியில் ஒளிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள் இல்லையா? பஸ் படியில் வைத்தே அதன் அம்மா, "எதுக்குடி ஒளிஞ்ச? எத்தன பேர கலங்கடிச்சுட்ட!" என்று ஓங்கி ஒன்று வைத்தாள். குழந்தை, "நா ஒளியலம்மா, தூங்கிட்டேன்" என்றது. அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னது. நான் கதவை மூடி வண்டியை எடுத்தேன். அதன் பெயர் மரீஸா. பன்னிரண்டாவது முடிக்கிற வரை என் வண்டியில்தான் வந்தாள். ஒரு நாள்கூட எனக்குக் காலை வணக்கம் சொன்னதில்லை.

இப்போது நான் சத்தியம் செய்தால் ஐக் பொய்யராவார், புத்தி பேதலித்தவராவார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அடுப்படியில்தான் நின்றேன்.

எழுதிக்கொண்டு போன தாளைக் கிழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, கையைத் தூக்கிக் கையெழுத்திட்டேன். அது தேர்தல் அலுவலகத்துக்கும், இது உனக்கும் ஒரே தபாலில் வருகிறது. தப்பு என்னுடையது, தண்டனை உனக்கு. அதைவிடப் பெரிய தண்டனை அந்தச் சாலையில் நடக்கிற பிள்ளைகளுக்கு. தெரிந்துதான் செய்தேன்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

வெர்னா


டூசான்,
செப்டம்பர் 27

அன்புள்ள க்ளெண்டாவுக்கு,

இது நான்காவது கடிதம். வாக்குமூலத்தைப் பற்றி எழுதியதும், அதற்கப்புறம் எழுதியதும் கிடைத்திருக்கும்.

ரெனே கம்பில்லாமல் நடக்கிறாள். ஆமை வேலிக்கு அடியில் தோண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டது. இங்கே ஒரு பெண்மணி ஆப்பிளைக் குழையக் காய்ச்சி ஆப்பிள் வெண்ணெய் செய்கிறேன் என்று ஒன்று கொடுத்தாள். நீ பார்த்தால் அந்தச் சட்டியையே வெளியே எறிந்திருப்பாய். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

பிள்ளைகள் பத்திரமா? அதை மட்டுமாவது ஒரு அட்டையில் எழுதிப் போடு.

வெர்னா


பிரைஸ்வில்,
நவம்பர் 6

திருமதி வெர்னா ஸ்ட்ரவுட் அவர்களுக்கு,

உங்கள் கடிதங்கள் கிடைத்தன. தேர்தல் முடிந்துவிட்டது. மனு தள்ளுபடியான பிறகு, வாக்குச் சீட்டில் பெயரைக் கையால் எழுதிப் போடச் சொல்லும் வழியையும் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் இடமில்லை என்றார்கள். திரு. கீட்டிங் போட்டியில்லாமல் மறுபடி வந்துவிட்டார். இரண்டு மைல் விதி அப்படியே இருக்கும்.

ஐக் டாபின்ஸ் வாசலில் நின்று, "என் வாயி சும்மா இருந்திருக்கலாம்மா" என்று அழுதார். என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. உங்களுக்குத்தான் எல்லோரிடமும் நேர்மையாக இருக்க முடிகிறது.

நீங்கள் செய்தது சரி என்று பாதிரியார் சொல்கிறார். சரியாகவே இருக்கட்டும். முப்பத்தொரு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவள், முதலில் எனக்கு எழுதிக் கேட்டுவிட்டு அப்புறம் அனுப்பியிருக்கலாம். நானே போய் மனுவை வாபஸ் வாங்கியிருப்பேனோ என்னவோ. அந்த இடத்தைக்கூட நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லை.

பிள்ளைகள் இதுவரை பத்திரம். காலையில் நான் நிற்கிறேன். மாலையில் என் இடுப்பு கேட்பதில்லை. அப்போது அங்கே யாரும் இல்லை.

உங்கள் வீட்டுச் சாவியை இதனுடன் வைத்திருக்கிறேன்.

க்ளெண்டா ப்ரூயிட்


டூசான்,
நவம்பர் 12

க்ளெண்டா,

கிடைத்தது.

முதலில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.  கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்பாய், நான் பொய்ச் சத்தியத்துக்குக் கையைத் தூக்கிவிடுவேன் என்று பயந்தேன். உன்னைப் பற்றி அப்படி நினைத்துவிட்டேன். மற்றதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், இதற்குக் கேட்கிறேன்.

சனிக்கிழமை ஊர் வருகிறேன். திங்கட்கிழமையிலிருந்து சாலையில் மாலை நேரம் என்னுடையது. மூன்றே காலுக்குப் பள்ளி விடுகிறது, மூன்று மணிக்கே போய் நிற்பேன். காலையிலும் வருவேன். நாலுவழிச் சாலைக்கு ஒரு ஆள் போதாது. நீ பள்ளிப் பக்கம் நில், நான் வீடுகள் பக்கம் நிற்கிறேன். என் பக்கம் நீ பார்க்க வேண்டியதில்லை, லாரிகளைப் பார்.

நான் பேச மாட்டேன். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும்.

வெர்னா