எனக்கு மட்டும் சொன்ன விலை

புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இதை எதிர்வீட்டு லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஐந்து மணிக்குக் கிளம்புகிறார், நாளைக் காலையில் உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவீர்கள், சுற்றிலும் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அங்கே நடக்கும் மில் சம்பளப் பேச்சுவார்த்தையில் நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. எந்த விலைவாசி எண்ணை அடிப்படையாக வைத்து இரண்டு வருஷத்துக்குச் சம்பளம் பேசப் போகிறீர்களோ, அந்த எண் குறைவாக வந்திருக்கிறது. காரணம் நான்.

எந்தக் கடையில் விலை கேட்கிறேன் என்பது கட்டின புருஷனுக்கும் தெரியக் கூடாது என்பது எங்கள் புள்ளியியல் ஆபீஸ் சட்டம். அதனால் என் வேலையைப் பற்றி உங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. மாதாமாதம் இரண்டாவது செவ்வாய் போவேன். அதே கடை, அதே சாமான், அதே அளவு. சாதாரணமாக வருகிறவர்கள் என்ன விலை கொடுக்கிறார்களோ, அதைக் கேட்டு எழுத வேண்டும். ஒரு சாமானுக்கு நம் ஊரில் மூன்று கடை. அப்படி எழுதியதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் ஊருக்கு ஒரு எண் போடுகிறார்கள். அது ஏறினால் உங்கள் பஞ்சப்படி ஏறும். ஏறாத மாதம் நீங்கள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஆபீஸ்காரர்கள் கடைப்பக்கமே போவதில்லை, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பீர்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். போன மாதம் இதற்காகவே மூன்று நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. அந்த மூன்று நாளும் நான்தான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்குக் காய்ச்சல், அவர் மனைவி கல்லாவில் இருந்தார். சில்லறை எண்ணெய் லிட்டர் நூற்று எண்பத்திரண்டு என்றார். போன மாதம் நூற்று அறுபதுதானே, ஒரே மாதத்தில் இவ்வளவா என்று கேட்டேன். அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்: “ஏறி ஏழு மாசம் ஆச்சுங்க. நூத்தி அறுபது உங்களுக்கு மட்டும் சொல்ற விலை. மில்லுல பாதிச் சம்பளம்னு கேள்விப்பட்டதுல இருந்து அவர் அப்படித்தான் சொல்றாரு. தெரிஞ்சா நீங்க வாங்கிக்க மாட்டீங்கன்னு சொல்லல.”

ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரிசி, பருப்பு, சர்க்கரை, டீத்தூள் என்று அந்தக் கடையில் நான் எழுதும் எட்டுச் சாமானும் அப்படித்தான்.

விலை கேட்கும் கடையில் வீட்டுக்குச் சாமான் வாங்காதே என்று எங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படிவத்தை மடித்து வைத்துவிட்டு அங்கேயே பையை நீட்டுவேன், அலைச்சல் மிச்சம் என்று. கடைக்காரருக்கு நான் ஆபீஸ்காரியாகத் தெரியவில்லை, மில்காரர் பெண்டாட்டியாகத்தான் தெரிந்திருக்கிறேன். நான் பொய் எழுதவில்லை. அவர் சொன்ன விலையை எழுதினேன், அதே விலையைக் கொடுத்தும் வாங்கினேன். ஏழு மாதமாக நம் வீட்டில் எண்ணெய் மலிவு. மில்லை நம்பியிருக்கும் முந்நூறு வீட்டில் பஞ்சப்படி ஏறாமல் அதற்குத் தண்டம் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது மாதமே எங்கள் அதிகாரி கேட்டார், மற்ற இரண்டு கடையில் ஏறியிருக்கிறதே, இங்கே மட்டும் ஏன் அசையவில்லை என்று. பழைய சரக்கு, நாணயமான மனிதர், எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொன்னேன். திரும்பப் போய்ப் பக்கத்தில் நின்ற ஒருவரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே வெட்டவெளிச்சமாகியிருக்கும். இதற்கு நான் வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

இன்று காலை அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். “ஏம்மா, வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரர் பேச்சுவார்த்தையில உக்காரப் போறாரு. புதன்கிழமை நீ வந்து விலையெல்லாம் கூடுதல்னு சொல்றே. யார் நம்புவாங்க?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

என் அடையாள அட்டையையும் படிவப் பையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை சம்பளம் கிடையாது. என்னை அறியாத ஒருவர் வெளியூரிலிருந்து வந்து, சாதாரண ஆள் போல அந்தக் கடையில் விலை கேட்பார். எல்லாம் சரியாக நடந்தால் அடுத்த வியாழக்கிழமை திருத்திய எண் வெளியாகும். எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். இவ்வளவு எழுதுவதே தப்பு. தெரிந்தேதான் செய்கிறேன்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மகளின் பள்ளிக்கூடத்தில் கட்டணத்துக்கு மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, துணி கட்டி வைத்திருக்கிறேன். மில் வாட்ச்மேன் மனைவி முந்தாநாள் வந்தார். மில் நின்று ஐந்து வாரமாகச் சம்பளமே இல்லை, வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடுமா என்று கேட்டார். முடிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

இன்று மதியம் அந்தக் கடைக்காரர் காய்ச்சலோடு நம் வாசலில் வந்து நின்றார். மனைவி சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது, ஆபீஸில் என்னை நிறுத்தி வைத்ததும் காதில் விழுந்திருக்கிறது. “என்னாலதானாம்மா?” என்று கேட்டார். இல்லை, ஆபீஸில் வேறு விஷயம் என்றேன். ஏழு மாதத்தில் நான் அறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் யார் என்று நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். ஊகித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவர்மேல் கோபப்படாதீர்கள்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஒரு வாரம் தவணை கேளுங்கள். காரணம் சொல்லக் கூடாது. சொன்னால், சங்கத் தலைவர் பெண்டாட்டி எண்ணை ஏற்றி எழுதிவிட்டாள் என்று நிர்வாகம் அன்றே கிளப்பிவிடும். பிறகு திருத்தம் உண்மையாகவே வந்தாலும் செல்லாக் காசுதான். காரணம் சொல்லாவிட்டால் உங்கள் ஆட்களே உங்களைச் சும்மா விடமாட்டார்கள். நீங்களெல்லாம் சைரன் என்று கூப்பிடுகிறீர்களே, அவர் முதல் ஆளாக எழுந்து, காசு வாங்கிவிட்டான் என்று கத்துவார். பசியோடு இருக்கிறவர்கள் அதை நம்புவார்கள். உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், சட்டைப் பையிலிருந்து இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டத் தோன்றும். அதனால் படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பதினோரு வருஷத்தில் நீங்கள் ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு வாரம் எனக்காக இருங்கள். யார் என்ன சொன்னாலும் சாப்பிடாமல் இருக்காதீர்கள், நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் இங்கே வந்து திட்டுங்கள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில்தான் இன்று காலை நான் ஆபீஸ் படி ஏறினேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி