வி.ஏ.ஓ. வந்து கேட்பார்

காளியம்மன் துணை
காவலூர், 2-6-2025

அன்பு மருமகளே செவ்வந்தி,

அத்தை எழுதறது. அம்மன் புண்ணியத்துல சாமை வெதச்சாச்சு, நல்லா இருக்கேன். போன்ல பேசலாம்னா கோயில் பாறைமேல ஏறுனாதான் டவர் கெடைக்குது. அங்க எந்நேரமும் நாலு பொம்பளைங்க. அதான் கடுதாசி.

விசயம் இன்னான்னா, புருசன் வுட்டுட்டுப் போனவளுக்கு கெவர்மென்ட்டு உதவித்தொகை குடுக்குதாமே. தாலுக்கா ஆபீசுல போய்க் கேட்டா, வரிசையில பின்னாடி நம்மூர் ஆளு நிப்பான். ஒங்க மாமா குடகுல காபி எஸ்டேட்டுல இருக்காரு, தீபத்துக்கு வருவாருன்னுதான் ஊருக்குச் சொல்லிவெச்சிருக்கேன். ஒன் இ-சேவை கடையில கம்ப்யூட்டர்ல போட்டா யாரும் மூஞ்சியப் பாத்துக் கேக்க மாட்டாங்கதானே? எங்கண்ணன் பொண்ணுக்கு கம்ப்யூட்டர் வேலை எதுக்குன்னு ஒன்ன ஏசுனவ நான்தான். இப்ப எனக்கு அதுதான் தோதாப் படுது. ஆதார், ரேசன் கார்டு நகல் இதோட வெச்சிருக்கேன்.

ஒன் அத்தை,
பாஞ்சாலை

ஆலங்காயம், 6-6-2025

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் கைவிடப்பட்ட பெண் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். எல்லாம் பதிந்துவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. கம்ப்யூட்டர் உங்களை ஒன்றும் கேட்காது. ஆனால் மனு போனதும் வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அக்கம்பக்கத்திலும் கேட்பார். இதைச் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

செவ்வந்தி

காவலூர், 20-6-2025

செவ்வந்தி,

ரெண்டு வாரமா ஒண்ணும் ஓடல. அம்மன்கிட்ட பூ கேட்டேன். ரெண்டு தடவ எடது பக்கம் வுழுந்துச்சு. வுடாம மறுபடி கேட்டேன், வலது பக்கம் குடுத்துட்டா. அனுப்பிடு.

பாஞ்சாலை

காளியம்மன் துணை
காவலூர், 15-7-2025

அன்பு மருமகளுக்கு,

நேத்து வி.ஏ.ஓ. வந்தாரு. மரியாதையாதான் பேசுனாரு. கொழாயடியில நின்ன பொம்பளைங்க அத்தினி பேரும் கொடத்த வெச்சிட்டு வந்துட்டாங்க.

"வூட்டுக்காரர் எங்கம்மா?"ன்னாரு. குடகுன்னு வாய்வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, "என்ன வுட்டுட்டுப் போய்ட்டாருங்க"ன்னேன். வாயால சொன்னது அதான் மொத தடவ.

எப்பலேர்ந்துன்னு கேட்டாரு. நான் வெரல மடக்கறதுக்குள்ள பக்கத்து வூட்டு ரத்தினம்மாள், "பன்னெண்டு வருசங்க. ஆடி ரெண்டாம் வெள்ளி, மொத பஸ்சுக்குப் போனாரு"ன்னுட்டா. நான் அவ மூஞ்சியப் பாத்தேன். அவ என்னப் பாக்கல. சாட்சிக் கையெழுத்தப் போட்டுட்டு கொடத்தத் தூக்கினு போய்ட்டா.

சான்றிதழ் வந்தா சொல்லு. வாங்கறதுக்கு நானும் ரத்தினம்மாளும் வர்றோம்.

அத்தை,
பாஞ்சாலை