ஃப்ரீடா அம்மா கீழே இறங்க மாட்டாராம்

9-7-2006, ஞாயிறு

இன்று சபையில் என்னைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பல வருஷமாக வாசலோடு நின்று சம்பூர்ணத்தின் செருப்புக்குக் காவல் இருப்பவன் நான். வீரபத்திரன் என்ற பெயரை வைத்துக்கொண்டு உள்ளே போனால் கர்த்தருக்கே குழப்பம் வரும் என்று பெண்டாட்டியிடம் சொல்லித் தப்பித்து வந்தேன். மகள் இஸ்ரேலுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அந்தச் சாக்கு எடுபடவில்லை. "பரிசுத்த தேசத்துல பொண்ணு இருக்குது, அப்பா வெளிய நிக்கலாமா?" என்கிறார் பாஸ்டர்.

அம்சா இருப்பது ஹைஃபா என்ற ஊரில். ஃப்ரீடா என்று ஒரு வயசான யூத அம்மா. குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நடக்க வைக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஞாபகம் வேறு நழுவிக்கொண்டிருக்கிறதாம். இங்கே பிள்ளையார்பாளையத்தில் விசாரிக்கிறவர்களோ, அவள் தீர்க்கதரிசிகளுக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது மாதிரி கேட்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. நான் நினைப்பதும் அதுதானே. ஆதியிலிருந்து அந்த நாடு அப்படியே இருக்கிறது, ராஜா போய் மந்திரி வந்திருப்பார், அவ்வளவுதான்.

பிரியாணி நன்றாயிருந்தது. முன்வரிசைக்கு லெக் பீஸ்.

13-7-2006, வியாழன்

லெபனான் எல்லையில் சண்டையாம். ராத்திரிச் செய்தியில் ஹைஃபா என்று ஒரு வார்த்தை வந்தது. சம்பூர்ணம் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, "அந்தப் பேரத்தான சொன்னான்?" என்றாள். இல்லை, வேறு ஏதோ என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அவளுக்கும் தெரியும்.

16-7-2006, ஞாயிறு

ஹைஃபாவில் ரயில் பணிமனையில் ராக்கெட் விழுந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் செத்துப்போனார்கள்.

பணிமனை. நானும் ஓரிக்கை பஸ் டெப்போவில் டயர் செக்‌ஷன்தான். டிவியில் காட்டினான் — அதே தகரக் கூரை, அதே எண்ணெய்க் கறை. ஒருத்தருடைய சாப்பாட்டு டப்பா மாதிரி ஏதோ கிடந்தது. யாரை எதிர்த்துச் சண்டை போட வந்திருப்பான் அந்த ஆள்? காலையில் ஷிப்ட்டுக்கு வந்தான். அவ்வளவுதானே?

அம்சாவுக்குப் போன் போகவில்லை. போகவில்லை. போகவே இல்லை.

17-7-2006

பேசினாள். உயிரோடு இருக்கிறாள்.

"சைரன் ஊதுனா எல்லாரும் கீழ ஷெல்டருக்கு ஓடுறாங்க நைனா. நம்ம பில்டிங்லயும் அடியில இருக்குது."

"நீயும் ஓடிடு கண்ணு."

"எங்க ஓடுறது? இவங்க இறங்க மாட்டேங்குறாங்களே."

ஃப்ரீடா அம்மா படிக்கட்டு வரைக்கும் வருகிறாராம். கீழே இருட்டைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாராம். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் என் மகளைவிட இரண்டு மடங்கு கனம். அதனால் சைரன் முடியும்வரை இரண்டு பேரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சொல்லிவிட்டேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் சொன்னேன்: "அந்தக் கெழவிய வுட்டுட்டு நீ இறங்கிடுடி. அவங்க வாழ்ந்து முடிச்சவங்க."

 "அம்மா கிட்ட குடு நைனா" என்றாள்.

20-7-2006, வியாழன்

தஸ்தகீர் பாய், டெப்போவில் டிங்கரிங் வேலை. இருபது வருஷமாக மதியச் சோறு ஒன்றாகத் தின்கிறோம். இந்த வாரம் தனியாகப் போய் உட்காருகிறார். நானே போய்க் கேட்டேன்.

"இன்னா பாய், என் ரசம் கசக்குதா?"

"உன் ரசம் என்னிக்கு இனிச்சுது? அதுக்கில்ல வீரா. நீ உன் பொண்ண நெனச்சு அழுவுற. நான் டிவில லெபனான் பக்கத்துப் புள்ளைங்கள இடிபாட்டுலேந்து எடுக்குறதப் பாத்துட்டு வர்றேன். உன் எதிர்ல உக்காந்தா ஏதாவது பேசிடுவேனோன்னு பயம்பா."

"பேசேன்."

"உன் பொண்ணுக்கு துவா செஞ்சேன். போ, அதான் பேச்சு."

ஊறுகாயை என் டப்பாவில் போட்டார். அதன் பிறகுதான் எனக்குத் தோன்றியது: என் மகள் எதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் நூலகத்துக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்துக்குக் கும்பிடு போட்டவன். நூலகர் என்னைப் பார்த்து, "கக்கூஸ் பின்னாடி" என்றார். இல்லை சார், உலக வரலாறு வேணும் என்றேன்.

22-7-2006, சனி

அந்த நாட்டுக்கு அறுபது வயசுகூட ஆகவில்லை! 1948 மே மாதம் பிறந்திருக்கிறது. நான் பிறந்தது 49-இல். எனக்கு ஒரு வயசு அண்ணன். அதற்கு ஏவுகணை, எனக்கு மூட்டுவலி.

ஐரோப்பாவில் ஊர் ஊராக விரட்டப்பட்ட ஜனம். நமக்கென்று ஒரு நாடு இல்லாமல் விடியாது என்று நூறு வருஷத்துக்கு முன்னே அவர்களில் சிலர் மாநாடு கூடியிருக்கிறார்கள். முதல் உலகச் சண்டை நடக்கும்போது வெள்ளைக்காரன், அந்தப் பழைய பூமியில் உங்களுக்கு ஒரு வீடு அமைய உதவுகிறோம் என்று வாக்குக் கொடுத்தான். அங்கே ஏற்கெனவே அரபு ஜனங்கள் உழுது அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டானா? அவர்களுக்கு வேறொரு வாக்கு கொடுத்திருந்தானாம்! ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்ற ஆள் நம் ஊரிலும் உண்டு; இவ்வளவு பெரிய மனை இல்லை. அப்புறம் ஹிட்லர். அறுபது லட்சம் பேர். அந்தப் பக்கத்தை என்னால் முழுசாகப் படிக்க முடியவில்லை. மிஞ்சியவர்கள் கப்பல் ஏறி வந்தார்கள். 47-இல் ஐ.நா. சபை நிலத்தைக் கூறு போட்டது; நம்மைக் கூறு போட்ட அதே வருஷம். ஒரு கூட்டத்துக்கு நாடு கிடைத்தது. இன்னொரு கூட்டம் லட்சக்கணக்கில் வீட்டை விட்டுக் கிளம்பியது. அவர்கள் போய் ஒண்டிய இடங்களில் ஒன்று லெபனான். ராக்கெட் விடுவது அவர்கள் இல்லை, வேற ஆளுங்க என்கிறார் பாய். எனக்கு எங்கே தெரியும்?

எங்கப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். சாகும்வரை கால் குழி நிலம் சொந்தமில்லை. எனக்கொரு இடம் என்று ஒருத்தன் கேட்டால் என் தலை தானாக ஆடுகிறது. அடுத்த பக்கம் புரட்டினால் இருந்தவனை எழுப்பி அனுப்புகிறார்கள். அங்கேயும் எங்கப்பா முகம்தான் தெரிகிறது. நான் யார் கட்சி?

எந்தக் கட்சியா இருந்தா இன்னா. எம் பொண்ணு எப்ப வருவா? அது எந்தப் பக்கத்துலயும் போடல.

25-7-2006, செவ்வாய்

இறங்க மறுப்பது ஏன் என்று தெரிந்துவிட்டது. ஃப்ரீடா அம்மா தெளிவாக இருந்த ஒரு மத்தியானம் அம்சாவிடம் சொல்லியிருக்கிறார்.

போலந்துக்காரர். அப்பா அம்மா முகாமில் போய்விட்டார்கள். பதினேழு வயசில் தம்பியை இழுத்துக்கொண்டு 47-இல் கப்பல் ஏறினார். ஓட்டைக் கப்பல். ஆட்களைச் சரக்கு அடுக்குகிற அடித்தட்டில் பலகை பலகையாக அடுக்கியிருந்தார்களாம். ஹைஃபா கண்ணுக்குத் தெரிந்த நேரம், அப்போது அங்கே ஆண்டுகொண்டிருந்த வெள்ளைக்காரனின் சிப்பாய்கள் தடியோடு ஏறி, யாரையும் கரையில் தங்க விடாமல் சைப்ரஸ் தீவுக்குக் கொண்டுபோய் முள்வேலிக்குள் அடைத்தார்கள். வேலிக்குள்ளேயே காய்ச்சலில் தம்பி போய்விட்டான். இந்த அம்மா மட்டும் 49-இல் வந்து இறங்கினார்.

இப்போது ஞாபகம் நழுவ நழுவ, மேலே இருக்கிற வருஷமெல்லாம் உதிர்ந்து அந்தக் கப்பல்தான் மிச்சம் நிற்கிறது. சைரன் ஊதினால் சிப்பாய் வருகிறான். கீழே போவது என்றால் அடித்தட்டு.

இன்னொன்றும் சொன்னாள். வந்தபோது இவருக்குக் கொடுத்த அரபு வீட்டின் அடுப்பில் யாரோ வைத்துவிட்டுப் போன பித்தளைக் காபிக் குடுவை இருந்ததாம். இன்றுவரை பரண்மேல் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. அதில் காபியும் போட்டதில்லை. அம்சா துடைக்கப் போனால், தொடாதே என்கிறாராம்.

29-7-2006, சனி

டெப்போவில் ஒரு யோசனை வந்தது. டெர்மினஸில் தூங்குகிற பயணியைக் கண்டக்டர் எப்படி இறக்குகிறான்? இறங்கு என்றால் முறைப்பான். ஊர் வந்துருச்சு என்றால் பையைத் தூக்கிக்கொண்டு தானே ஓடுவான்.

போனில் சொன்னேன். "அடித்தட்டுன்னுதான அந்தம்மா பயப்படுது? ஷெல்டர்னு சொல்லாத. ஹைஃபா வந்துருச்சு, ஏணி போட்டாச்சு, கரையில எறங்கணும்னு சொல்லு."

"நைனா, நீ டயர் செக்‌ஷன்ல இருக்க வேண்டிய ஆளே இல்ல."

"அதத்தான் மேனேஜரும் சொல்றாரு. அவரு வேற அர்த்தத்துல சொல்றாரு."

சிரித்தாள். பல நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

3-8-2006, வியாழன்

பலித்துவிட்டது! சைரன் ஊதியதும் அம்சா, "வந்தாச்சு, கரை வந்தாச்சு" என்றாளாம். ஃப்ரீடா அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ராணி மாதிரி இறங்கியிருக்கிறார். ஷெல்டரில் இருந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னாராம்.

டெப்போ முழுக்க டீ என் செலவு. பாய் மட்டும், "ஊருக்கு வந்தவங்க அடுத்து இன்னா கேப்பாங்கன்னு யோசிச்சியா?" என்றார். வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷன் என்று திட்டினேன்.

6-8-2006, ஞாயிறு

ஹைஃபாவில் மறுபடியும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். வீடுகள் இடிந்திருக்கின்றன. அம்சா எடுக்கவில்லை. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

சம்பூர்ணம் முழங்காலில் இருக்கிறாள். நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.  என் பேர் வீரபத்திரன், என்னத் தெரிஞ்சிருக்காது, இவ என் பெண்டாட்டி, இவ உன் ஆளு, இவளுக்காவது — அதற்கு மேல் வரவில்லை.

எடுடி. எடு கண்ணு. ஒரு தடவ எடு.

7-8-2006, திங்கள்

எடுத்தாள்.

கையில் கண்ணாடி கிழித்துத் தையல் போட்டிருக்கிறார்கள். வேறொன்றும் இல்லை என்கிறாள்.

என் யோசனையால் வந்த வினை. ஃப்ரீடா அம்மா நேற்றும் ராணி மாதிரி இறங்கியிருக்கிறார். ஷெல்டர் கதவுவரை வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி எங்கே?" என்றாராம். கரை வந்துவிட்டது என்றால் தம்பியும் இறங்கியிருக்க வேண்டுமே. அம்சாவின் கையை உதறிவிட்டு விறுவிறுவென்று தெருக் கேட்டுக்குப் போய் நின்றுவிட்டார், தம்பி வருகிற வழி பார்த்து. சைரன் ஊதிக்கொண்டிருக்கிறது. இவள் இழுக்கிறாள், அசையவில்லை. தெருமுனையில் விழுந்தது.

ஊர் வந்துருச்சுன்னு சொல்லச் சொன்னவன் நான். கூட வந்தவன் வரலேன்னா இன்னா பண்றதுன்னு சொல்லித் தரலியே. பாய் கேட்டாரே. காதுல போட்டுக்கினேனா?

உள்ளே கொண்டுவந்தது தரைத்தளத்தில் குடியிருக்கும் சமீரா என்ற அரபுப் பெண்ணாம். மருந்துக்கடையில் வேலை. ஷெல்டரிலிருந்து ஓடிவந்து, ஃப்ரீடா அம்மாவின் காதில், "உன் தம்பி முன்னாடியே வந்துட்டான், உள்ள உக்காந்துக்கினு இருக்கான், பசிக்குதாம்" என்று அந்த அம்மாவின் பாஷையில் சொல்லியிருக்கிறாள். பசி என்றதும் அந்த அம்மா திரும்பிவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்து தூங்கிவிட்டார். தலை சமீரா தோள்மேல்.

"அப்புறம் அந்த அக்கா சொன்னாங்க நைனா. அவங்க தாத்தாவும் இதே துறைமுகத்துலதானாம். 48-ல. அவரு ஏறுனாராம், படகுல. திரும்பி வர விடலயாம். இவங்க பாட்டி மட்டும் இங்க தங்கிட்டாங்களாம்."

"கோவமா சொன்னாங்களா?"

"இல்ல. அவங்க தோள் வலிக்குமேன்னு, தலைய என் தோளுக்கு மாத்திக்கவான்னு கேட்டேன். வேணாம், எழுந்துடுவாங்கன்னாங்க."

அந்தச் செய்தியை எந்தப் புத்தகத்தோடு சேர்த்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மதியம் பாயிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, ஊறுகாயை மறுபடி என் டப்பாவில் போட்டார்.

14-8-2006

சண்டை நின்றுவிட்டதாம். இரண்டு பக்கமும் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள்.

18-8-2006, வெள்ளி

வீட்டு ஜெபக் கூட்டம். பாஸ்டர் வழக்கம்போல், இஸ்ரவேலுக்காக ஜெபிப்போம் என்றார். சம்பூர்ணம் எழுந்து, "அங்க சமீரான்னு ஒரு பொண்ணு இருக்குது ஐயா. அவங்க ஜனத்துக்கும்" என்றாள். பாஸ்டர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சேர்த்துக்கொண்டார். பேரை மட்டும் சாமுவேல் மாதிரி உச்சரித்தார்.

19-11-2006, ஞாயிறு

ஃப்ரீடா அம்மா போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். இனி அம்சா வந்துவிடுவாள் என்று அவள் கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டி வைத்தேன். இன்று போன் செய்தாள். வேறு வீடு கிடைத்துவிட்டதாம், அதே ஊரில், மலைமேல். விசா முடியும்வரை இருந்துவிட்டு வருகிறாளாம். கெஞ்சினேன். மிரட்டினேன். நெஞ்சு வலி என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "எந்தப் பக்கம் வலிக்குது நைனா?" என்று கேட்டாள். தப்பான பக்கத்தைச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் கேட்டேன்.

"இந்தம்மாவாவது சைரன் ஊதுனா கீழ இறங்குவாங்களா?"

"அய்ய, இவங்க இங்கயே பொறந்தவங்க நைனா. எனக்கு முன்னாடி ஓடிடுவாங்களாம். சின்னப் புள்ளைலேந்து ஓடிப் பழக்கமாம். போன வாரம் எனக்கே ஓடக் கத்துக் குடுத்தாங்க."

போனை வைத்ததும் சம்பூர்ணம் வந்தாள்.

"இன்னா சொன்னா?"

"பயம் இல்லையாம். ஓடக் கத்துக்கினாளாம்."

"அப்புறம் ஏன்யா இப்படி உக்காந்துட்ட?"