இடது பெருவிரல்

1958 ஆகஸ்ட் 4, திங்கள்

தாலுகா கச்சேரியின் ரிக்கார்டு ரூமில் என்னைக் கேட்காமல் ஒரு கட்டும் அவிழாது. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். இன்று ஒரு வெள்ளைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ சந்நிதிக்குள் வருகிற மாதிரி உள்ளே வந்துவிட்டார். டென்மார்க் தேசமாம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறார். பர்மிட் விஷயமாக வந்தவர். தாசில்தார் கூட நின்றதால் பிழைத்தார். இல்லையென்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன்.

அவர் ஊரில் பழைய ஜில்லாக் கச்சேரிக் காகிதங்களைப் புரட்டித்தான் ஜனங்கள் பாட்டன் பூட்டனைத் தேடுவார்களாம். அவருடைய தாத்தா கடலில் செத்தார் என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்களாம். காகிதத்தில் பார்த்தால், வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்து ஜெயிலில் செத்தவர். அரைகுறைத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் என் அப்பாவைத் தேடிப் பார்த்தேனா என்று வேறு கேட்டார்.

எதற்குத் தேட வேண்டும்? என் அப்பா இராமலிங்கத்தை வெட்டினவன் பக்கத்துக் கொல்லைக்காரன் முருகையன். எனக்கு அப்போது இரண்டு வயது. ஊருக்கே தெரியும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா திதி. அம்மா பரணிலிருந்து பானையை இறக்கி, வாய்த்துணியை அவிழ்த்தாள். ரத்தம் காய்ந்து கறுத்துப்போன அப்பா வேட்டி. வருஷம் தவறாமல் பார்க்கிறேன்; வருஷம் தவறாமல் முருகையன் ஞாபகம் வருகிறது.

கிராமத்திலிருந்து தசரதன் சித்தப்பா வந்திருந்தார். அப்பாவின் தம்பி. என்னைச் சோறு போட்டு வளர்த்து, எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தவர். வழக்கம்போல் பானையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நன்றாகப் பார் என்று அம்மா அதட்டினாள். நான் குனிந்து பார்த்தேன்.

கிளம்பும்போது துண்டில் சுற்றிய கொடுவாளை என் கையில் வைத்தார். “எனக்கு வயசாயிடுச்சிப்பா. முருகையனும் இன்னும் எத்தினி நாளைக்கு இருப்பான்?”

செப்டம்பர் 22

டென்மார்க்காரர் பேச்சு மண்டைக்குள் குடைகிறது. முருகையன் எப்படித் தப்பினான் என்றாவது பார்ப்போமே என்று 1929 பதிவேட்டை எடுத்தேன். ஒரே வரி: சாட்சி போதாமல் விடுதலை. கேஸ் கட்டை பத்து வருஷக் கெடு முடிந்து கொளுத்தியிருக்கிறார்கள். பதிவேட்டை அறைந்து மூடினேன். அட்டை கிழிந்தது.

நவம்பர் 24

கார்த்திகைத் தீபத்து மாட்டுச் சந்தையில் வெட்டிவிட்டேன்.

முருகையன் ஒரு காளையின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்துக்குத்தான் குறி. மாடு மிரண்டது, அவன் திரும்பினான், இடது கையைத் தூக்கினான். பெருவிரல் சாணியில் போய் விழுந்தது. கரும்பு ஒடிக்கிற சத்தம்தான் கேட்டது. ரத்தம் என் சட்டையில், மாட்டின் முகத்தில். மறுபடியும் ஓங்கினேன். அவன் ஓடவில்லை. கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

“வெட்டறதுக்கு முன்னாடி உங்கம்மாவ ஒரு வார்த்தை கேட்டியாடா? முன்சீப்புகிட்ட மொதல்ல யார் பேரச் சொன்னாங்கன்னு கேளு.”

கொடுவாளைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடினது நான்!

நவம்பர் 26

போலீஸ் வரவில்லை. மாட்டுக் கயிறு சுண்டி விரல் போனதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறானாம். ஏன்? என்னைக் காப்பாற்ற அவன் யார்?

நவம்பர் 28

கொலை விழுந்தால் கிராம முன்சீப் அன்றே ஒரு தாள் எழுதித் தலையாரி கையில் கச்சேரிக்கு அனுப்புவார். அது கேஸ் கட்டில் சேர்ந்திருந்தால் எரிந்திருக்கும். ஆனால் 1929 ஆவணியில் ஊரெங்கும் காலரா. வருகிற சாவுத் தாள்களையெல்லாம் படிக்காமலே காலராக் கட்டில் போட்டுக் கட்டியிருப்பான் அன்றைய குமாஸ்தா. அந்த நெரிசலில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். காலராக் கட்டு நிரந்தரம், அதைக் கொளுத்துவதில்லை.

மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டது. பூச்சி அரித்த ஒற்றைத் தாள்.

‘இறந்தவன் பெண்சாதி பாஞ்சாலை சொன்னது: கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் என் கொழுந்தன் தசரதன் என் புருஷனை வெட்டினதை என் கண்ணால் பார்த்தேன்.’ அம்மாவின் கைரேகை. அதற்குக் கீழே: ‘பிரேதத்தின் மேலிருந்த வேட்டி பிரேதத்தோடு டாக்டருக்கு அனுப்பப்பட்டது.’

அப்படியென்றால் பானையில் இருப்பது யார் வேட்டி?

சாயந்திரம்.

முதல் தடவையாக ஒரு தாளைக் கச்சேரியைவிட்டு வெளியே கொண்டுவந்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பானையை உதைத்தேன், சுக்குநூறாகிவிட்டது. பெற்றவளை அடிக்கக் கையையும் ஓங்கிவிட்டேன். அவள் ஒதுங்கவில்லை.

“ரெண்டு வயசுப் புள்ளைய வெச்சிக்கினு எங்கடா போவேன்? பேர மாத்திச் சொல்லு, உன் புள்ளைய நான் படிக்க வைக்கறேன்னான். பக்கத்துக் கொல்லைக்காரன் பேர மாத்திச் சொன்னேன்.”

வேட்டி யாருடையது என்று கத்தினேன்.

“உன் சித்தப்பனுதுதான். வெட்டிட்டு அவுத்துப் போட்டது. எடுத்து ஒளிச்சி வெச்சேன். அந்தப் பானை உனக்கில்லடா. வருஷா வருஷம் அவன உக்கார வெச்சி அவனப் பாக்க வெச்சேன்.”

அப்படியானால் முருகையன்? அவர் கழுத்துக்கு வாளோடு போனேனே? நான் வெட்டமாட்டேன் என்று நினைத்தாளாம். பேனா பிடிக்கிற கைதானே என்று இருந்துவிட்டாளாம். அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.

நவம்பர் 30

கிராமத்துக்குப் போனேன். சித்தப்பா கிணற்று மேட்டில் இருந்தார். தாளைப் படித்தேன். பாதியிலேயே போதும் என்று கையைக் காட்டி, குனிந்து கழுத்தைக் கொடுத்தார். என்னிடம் கொடுவாள் இல்லை. தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றால் அடித்தேன். முகத்தில் குத்தினேன், அவர் பல் பட்டு என் விரல்முட்டி கிழிந்தது. முடியைப் பிடித்துக் கிணற்று விளிம்புவரை இழுத்துப் போனேன். தள்ளியிருப்பேன், சத்தியமாக.

வாயில் ரத்தம் வழிய, “காலைல எதுனா சாப்டியா?” என்றார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் என்னைப் பார்த்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி அது.

கை தானாக விட்டுவிட்டது. வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

டிசம்பர் 5

சித்தப்பா ஊரில் இல்லையாம். பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். நான் தேடவில்லை. தாளைத் திரும்பக் காலராக் கட்டிலேயே வைத்துக் கட்டிவிட்டேன்.

1959 பிப்ரவரி 11, புதன்

முருகையன் கச்சேரிக்கு வந்தார். நிலத்துக்குப் பட்டா நகல் வேண்டுமாம். அவருக்கு எழுதத் தெரியாது, மனுவை நான்தான் எழுதினேன். கைரேகை வைக்கிற இடம் வந்தது. ஆண்பிள்ளை என்றால் இடது பெருவிரல். பழக்கதோஷத்தில் அவரும் இடது கையையே நீட்டிவிட்டார். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மாடு இழுத்துடுச்சின்னு எழுதிக்கோப்பா,” என்றார். “உங்கப்பன் எனக்குக் கூட்டாளி.”

வலது விரல் வாங்கினால் காரணம் எழுதிக் குமாஸ்தா கையெழுத்துப் போட வேண்டும். எழுதினேன்: ‘மனுதாரருக்கு இடது பெருவிரல் இல்லை. 24-11-58 அன்று மாட்டுச் சந்தையில் என்னால் வெட்டப்பட்டது.’ கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. வலது பெருவிரலில் மை தடவி, நானே பிடித்து அழுத்தினேன்.

தாள் தாசில்தார் மேசைமேல் இருக்கிறது. நாளைக் காலையில் பார்ப்பார்; போலீஸுக்கு ஆள் அனுப்புவார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். என் வேட்டி இரண்டையும் எடுத்துப் போய்த் துவைத்துக் காயப்போட்டாள்.