தொட்டுப் பார்த்துச் சொன்ன சூடு

என் அன்பு அத்தானுக்கு,

பவர்ஹவுஸில் புது டிரான்ஸ்போமர் வந்துவிட்டது. நீங்கள் கடைசியாக நின்ற அதே மேடையில்தான் வைத்திருக்கிறார்கள். எட்டு வருஷமாக அந்தப் பக்கம் நான் நிமிர்ந்து பார்த்து நடந்ததில்லை. இப்போது தினமும் அதன் முன்னால்தான் எனக்கு வேலை.

இதன் வயிற்றுக்குள், கம்பிச் சுருளுக்கு நடுவே, தலைமயிர் அளவுக் கண்ணாடி இழைகளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இழை வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது. நுனியில் தடவிய ஒரு பொட்டுப் பொடி மினுங்கி அணைகிறது. அது எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதை வைத்து வெளியே உள்ள பெட்டி சூட்டைச் சொல்லிவிடுகிறது. கண்ணாடியில் கரண்ட் பாயாது, அதனால்தான் அவ்வளவு உள்ளே வைக்க முடிகிறதாம். நீங்கள் இருந்தால் நூறு கேள்வி கேட்டு இன்ஜினியரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பீர்கள்.

அன்றைக்கு நமக்கு என்ன இருந்தது? எண்ணெயின் சூட்டைக் காட்டும் ஒரு மீட்டர், அதற்குமேல் என் கை. கிட்டே போகுமுன் ஒருவர் புறங்கையை டிரான்ஸ்போமரின் எண்ணெய்த் தொட்டியில் வைத்துச் சூடு சொல்வது நம் ஷிப்டின் வழக்கம். அடைமழை, அணை நிரம்பி வழிந்தது, மெஷின்கள் முழு லோடில் ஓடின. உள்ளே ஏதோ இரைகிறதே என்று பார்க்கக் கிளம்பினீர்கள்.

"சவரி, தொட்டுப் பாத்தியா?"

"பச்சத் தண்ணி மாதிரி இருக்கு அத்தான். போங்க."

நீங்கள் போனீர்கள். அது வெடித்தது. விசாரணையில் உங்கள் கவனக்குறைவு என்று எழுதினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமையும் அதே மாதிரி மழை. பழக்கதோஷத்தில் புறங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. எண்ணெய் மீட்டர் நாற்பதைத் தாண்டவில்லை. பெட்டியைப் பார்த்தால், உள்ளே சுருளில் நூற்றுப் பத்து. இன்ஜினியர் மாத்தயாவைக் கூப்பிட்டேன், லோடைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள், நானும் போய்க் குடித்தேன். அழுகை வரும் என்று இருந்தேன். எதுவுமே வரவில்லை அத்தான்.

தோட்டத்து லயத்துக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப நீ சொல்லித்தான் அவரு போனாரா?"

"ஆமாக்கா."

கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்த பிறகுதான் பேசினாள். "பாத்துப் போகத் தெரியாத மனுசன்னு இத்தன வருசமா அவரத்தானே ஏசிக்கிட்டு இருந்தேன்."

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் படத்தை அவள் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பல வருஷமாகிறது. உங்களுக்குத் தெரியுமா? அன்று எடுத்து, முந்தானையால் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய், அன்று நான் தொட்டதையும் சொன்னதையும் என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் கவனக்குறைவு என்ற அந்த வார்த்தையை அடிக்க வேண்டும். அதை என் பெயருக்கு நேரே எழுதினாலும் எழுதட்டும்.

போங்க என்று உங்களை அனுப்பிய,
உங்கள் மச்சினன்
சவரிமுத்து